மரச் சிற்பத்தில் நாக வடிவங்கள்

நம் நாட்டுச் சமய வாழ்வை ஆராயப் புகுவார் எவரும் நாக வணக்கத்தைக் காணாது கடந்து செல்லல் இயலாது. குளக்கரையிலே அரசும் வேம்பும் பின்னி நிற்கும் மேடையில் நாகக் கற்கள் நிரல்பட நாட்டப்பட்டிருக்கும். ஊர்ப்புறத்துப் புற்றுக்கு மஞ்சளும் குங்குமமும் சாத்திப் பால் வார்த்து மகளிர் வலம் வருவர். ஊர்ப்பெயர்களிலும் மக்கட்பெயர்களிலும் நாகம் என்னும் சொல் ஆங்காங்கு விளங்குகின்றது. இவ்வணக்கத்தைக் குறித்து மேனாட்டறிஞரும் நூல்கள் இயற்றியுள்ளனர். ஜேம்ஸ் பெர்குஸன் என்பார் மர வணக்கத்தையும் நாக வணக்கத்தையும் பற்றி 1868-ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் வெளியிட்டார். ஒல்லாந்து நாட்டு அறிஞராகிய வோகெல் என்பார் 1926-ஆம் ஆண்டில் இந்திய நாக மரபைப் பற்றி விரிவான நூலொன்று எழுதினார். இவ்வாராய்ச்சிகள் பெரும்பாலும் கற்சிற்பங்களையும் ஏட்டு வழக்குகளையும் சான்றாகக் கொண்டவை. நம் கோயில்களின் தேர்களிலும் வாகனங்களிலும் தச்சர் கைத்திறத்தால் உருப்பெற்று நிற்கும் மர நாகங்களோ, ஆண்டுதோறும் நம் தெருவழியே வந்தும், கற்றோர் கவனத்தை அத்துணை ஈர்க்கவில்லை.

கல்லில் வடித்த நாகமும் மரத்தில் வடித்த நாகமும் தோற்றத்தால் ஒன்றுபோல இருப்பினும், அவற்றின் நிலையும் தொழிலும் வேறு வேறாம். கல் நாகம் இருந்த இடத்திலேயே இருந்து வழிபாட்டை ஏற்பது. மர நாகம் பெரும்பாலும் பிறிதொரு தெய்வத்தைத் தாங்கிக்கொண்டு மக்கள் நடுவே வருவது. இவ்வேறுபாட்டை விளக்கி, அழியும் பொருளாகிய மரத்திலே இம்மரபு எவ்வாறு அழியாது வந்தது என்பதையும், இனி எதனால் அதற்குக் கேடு வரக்கூடும் என்பதையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கல்லும் மரமும்

நாகக்கல் நாட்டுதல் மகப்பேறு முதலிய நலங்களை வேண்டிச் செய்யும் நேர்த்தி. இரு நாகங்கள் ஒன்றோடொன்று பின்னி நிற்க, அவற்றின் நடுவே சிவலிங்கம் அமைந்த கல்லைப் பல ஊர்களிலும் காணலாம். நாட்டிய பின் அக்கல் பெயர்க்கப்படுவதில்லை. மழையும் வெயிலும் அதன்மேல் விழும். எண்ணெயும் மஞ்சளும் அதன்மேல் ஏறும். நூறாண்டு கழிந்தும் அஃது அங்கேயே நிற்கும். கேரள நாட்டில் அரிப்பாட்டுக்கு அருகிலுள்ள மண்ணாறசாலையிலே காவின் நிழலில் ஆயிரக்கணக்கான நாகக் கற்கள் இவ்வாறு நிற்கின்றன.

நாகர்கோயில் என்னும் ஊர்க்குப் பெயர் தந்த நாகராஜர் கோயிலில் வேறொரு புதுமை உண்டு. அங்குக் கருவறையின்மேல் கல் விமானம் எழுப்பப்படவில்லை; ஓலைக் கூரையே வேயப்பட்டுள்ளது. கருவறையின் ஈரமணலே அடியார்க்குப் பிரசாதமாக வழங்கப்படுகின்றது. நாகம் மண்ணிலும் ஓலையிலும் வாழ்வது. அதனை ஓங்கிய கல் மாளிகையில் அடைத்தல் ஆகாது என்னும் எண்ணம் இவ்வழக்கில் விளங்குகின்றது. அன்றியும் ஓலைக் கூரை நெடுநாள் நில்லாது. அதனைக் காலந்தோறும் புதிதாக வேய்தல் வேண்டும். புதுப்பித்தலே அங்கு வழிபாட்டின் ஒரு பகுதியாயிற்று. இதனை மாணவர் மனத்திற் கொள்க. மரச் சிற்பத்தைப் பற்றிப் பேசுங்கால் இக்கருத்து மீண்டும் பயன்படும்.

இனி, கோயிலில் மரம் எங்கே வருகின்றது? மூலவர் திருவுருவம் பெரும்பாலும் கல். அது கருவறையை விட்டு நீங்காது. திருவிழாவில் எழுந்தருளும் உற்சவர் திருவுருவம் பஞ்சலோகம். அவ்வுற்சவரைத் தாங்கிச் செல்லும் வாகனமும் தேரும் மரம். தோளிற் சுமப்பதற்கும் வடத்தால் இழுப்பதற்கும் உரிய பொருள் இலேசாகவும் வலியதாகவும் இருத்தல் வேண்டும் ஆதலின், அசைவன யாவும் மரத்தால் அமைந்தன. குடந்தைக்கு அருகிலுள்ள நாச்சியார்கோயிலில் கருடவாகனம் கல்லால் அமைந்திருப்பது நாடறிந்த வியப்பாயிற்று. கல்லால் ஒரு வாகனம் இருத்தல் அத்துணை அரிது என்பதற்கு அவ்வியப்பே சான்று.

2. பணி என்னும் சொல்

தமிழில் பாம்பிற்குப் பெயர்கள் பல. அரவு, பாந்தள், மாசுணம், உரகம், நாகம் என்பன அவற்றுட் சில. புறச்செவி காணப்படாமையின், கண்ணே செவியாக உடையது எனக் கருதிக் கட்செவி என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். இப்பெயர்களுள் ஒன்று பணி என்பது. படம் உடையது என்னும் பொருள்தரும் வடசொல்லின் வழியே அது வந்தது. அதே ஒலியுடைய தமிழ்ச்சொல்லோ தொண்டு என்றும் அணிகலம் என்றும் பொருள்படும். சொற்பிறப்பால் இவை வேறாயினும், மரச் சிற்பத்திற் காணும் நாகங்களை ஆராய்வார்க்கு இம்மூன்று பொருளும் ஓரிடத்தே வந்து கூடுவது புலனாகும். ஆண்டுக் காணப்படும் பணி, தொண்டாகிய பணியைச் செய்வது. அன்றேல் அணிகலமாகிய பணியாய் இருப்பது.

இதற்குரிய கதைகளைச் சுருக்கமாக நோக்குவாம். மகாபாரதத்தின் ஆதிபருவத்திலே சேடனது வரலாறு கூறப்படுகின்றது. தன் உடன்பிறந்த நாகங்களின் கொடுமையைக் கண்டு வெறுத்த சேடன், அவர்களை விட்டு நீங்கித் தவம் புரிந்தான். பிரமன் தோன்றி வரம் கேட்குமாறு பணிக்க, அவன் தன் மனம் அறத்திலும் அடக்கத்திலும் நிலைக்க வேண்டும் என்று மட்டுமே வேண்டினான். அதனால் மகிழ்ந்த பிரமன், அசையும் நிலவுலகை அசையாது தாங்கும் தொழிலை அவனுக்கு அளித்தான். நஞ்சுடைய இனத்திற் பிறந்த ஒருவன் உலகுக்குத் தூணான வரலாறு இது. அச்சேடனே திருமாலுக்குப் பாற்கடலில் அணையாகவும் குடையாகவும் ஆகின்றான்.

வாசுகியின் தொண்டு வேறு. தேவரும் அசுரரும் பாற்கடல் கடைந்தபோது மந்தரமலை மத்தாக, வாசுகி கயிறானான். அசுரர் தலைப்பக்கமும் தேவர் வாற்பக்கமும் பற்றி இழுத்தனர். சிவபெருமானுக்கோ நாகங்கள் கங்கணமும் குண்டலமும் ஆரமும் ஆயின. விநாயகருக்கு ஒரு நாகம் உதரபந்தமாயிற்று. பதஞ்சலி முனிவர் இடைக்குக் கீழே பாம்புடலோடு தில்லையில் கூத்தப்பிரானைக் கைகூப்பி நிற்கின்றார். அவரைச் சேடனின் அவதாரம் என்பர். இவ்வாறு அணை, குடை, கயிறு, அணிகலம், அடியார் என்று நாகத்திற்கு எத்தனை தொழில்கள் உண்டோ, அத்தனையும் தச்சனது உளிக்குப் பொருளாயின.

3. மரந் தெரிதலும் தொழிலும்

சிற்பத்திற்கு மரம் தெரிந்தெடுத்தல் ஒரு தனிக்கலை. கி.பி. ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில், திருவுருவத்திற்கு மரம் தேடிக் காடு செல்லும் முறையை ஒரு தனி இயலாகவே வகுத்துள்ளார். சுடுகாட்டிலும் வழியோரத்திலும் கோயிலிலும் நின்ற மரம், இடி விழுந்த மரம், காற்றால் முறிந்த மரம், தீயாற் கருகிய மரம், கொடி சுற்றிய மரம் முதலியன விலக்கப்படுகின்றன. அவ்விலக்குகளுள் ஒன்று நம் ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது: புற்றின்மேல் நின்ற மரமும் ஆகாது என்பது அது. புற்று நாகத்தின் இல்லம் அன்றோ? மேலும், மரத்தை வெட்டுமுன் அதில் உறையும் உயிர்கள் வேறிடம் பெயர்ந்தருள வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுதலும் அந்நூலிற் கூறப்படுகின்றது. கேரளத்துச் சர்ப்பக்காவுகளில் மரம் வெட்டலாகாது என்னும் வழக்கமும் இதனோடு ஒத்தது. நாகம் குடியிருக்கும் மரத்தை மனிதன் தொடான்; வேறு மரத்தை வெட்டி அதில் நாகத்தை வடித்துக்கொள்வான்.

தமிழ்நாட்டில் தேர்ப்பணிக்குப் பெரிதும் கொள்ளப்படும் மரம் இலுப்பை. தேக்கும் வேங்கையும் பயன்படுவன. வாகனங்களுக்கு அத்தி, தேக்கு, மா முதலியன கொள்வர். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் வழிவழியாகச் சிற்பம் செய்வோர் வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் வடிக்கின்றனர். தொல்காப்பிய மரபியல் உள்ளே வயிரம் உடையதனை மரம் என்றும், புறத்தே வயிரம் உடையதனைப் புல் என்றும் பிரிப்பதை நம் இலக்கண மாணவர் அறிவர். சிற்பத்தச்சனுக்கு இது வெறும் இலக்கணம் அன்று. உள் வயிரமே சிற்பத்திற்கு உரியது. புறத்தேயுள்ள வெண்மையான பகுதியைப் பூச்சி விரைவில் அரிக்கும் ஆதலின் அதனைக் களைந்துவிடுவான்.

பின்னர் மரத்தின் ஓட்டத்தைப் பார்ப்பான். நாக வடிவத்தில் தச்சனை மிகவும் சோதிப்பது படமே. படம் அகன்று மெலிந்து மேலெழுவது. அதன் விளிம்பு முன்னோக்கி வளைவது. மரத்தின் நார் குறுக்கே ஓடுமாயின் ஓர் அடியிலேயே அவ்விளிம்பு சிதறிவிடும். ஆகவே நார் படத்தின் அடியிலிருந்து நுனிக்கு நேரே ஓடுமாறு கட்டையை நிறுத்திக்கொள்வான். உடற்சுருளிலோ நார் ஓரிடத்தில் உடன்வரும், ஓரிடத்தில் எதிர்க்கும். எதிர்க்குமிடத்தில் உளியைத் திருப்பிப் பிடித்து மெல்லச் செதுக்க வேண்டும். பெரிய வாகனங்களில் படங்களைத் தனித்தனியே வடித்து, அடியில் முளை விட்டு, உடற்பகுதியில் துளையிட்டுச் செருகிப் பொருத்துவர். ஒரு படம் பழுதுற்றால் அதனை மட்டும் மாற்றிக்கொள்ளவும் இம்முறை துணையாகின்றது.

மனித உருவை முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்ட தாளக் கணக்கால் அளப்பர். நடுவே ஒரு நூல் பிடித்து, அந்நூலுக்கு இருபுறமும் உறுப்புகளை நிறுத்துவர். ஐந்து படமுடைய நாகத்திற்கும் நடுநூல் உண்டு. நடுப்படம் உயர்ந்து நேர்நோக்கும். ஏனையவை இருபுறமும் படிப்படியாகத் தாழ்ந்து சற்றுச் சாய்ந்து நிற்கும். படங்கள் மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்பட அமைவதன் காரணமும் இதனால் விளங்கும். இரட்டையாயின் நடுநூலின்மேல் ஒரு தலை நில்லாது. சேடனுக்குத் தலை ஆயிரம் என்பது புராணம். மரமோ ஆயிரம் தலை தாங்காது. ஆதலின் ஐந்தையோ ஏழையோ காட்டி ஆயிரத்தைக் குறிப்பால் உணர்த்தினர்.

4. மூவகை வடிவம்

நாக உருவங்களை மூன்றாக வகுத்துக் காணல் எளிது. முழுதும் பாம்பாகவே அமைந்தது ஒன்று. சேட வாகனமும் கடல் கடைந்த வாசுகியும் இவ்வகையின. இடைக்கு மேல் மனிதராகவும் இடைக்குக் கீழ்ப் பாம்பாகவும் அமைந்தது மற்றொன்று. நாககன்னியரும் பதஞ்சலியாரும் இவ்வகையின. முழுதும் மனித உருவாய்த் தலைக்குமேல் மட்டும் படம் விரிந்து நிற்பது மூன்றாவது. நாகவேந்தரை இவ்வாறு காட்டுவது பழைய வழக்கு.

படத்தின் முகப்பையும் உற்று நோக்குதல் வேண்டும். உயிருள்ள நல்லபாம்பு கழுத்து விலாவெலும்புகளை விரித்துப் படமெடுக்கின்றது. அதன் வயிற்றுப்புறத்தில் குறுக்கு வரிகள் அடுக்கடுக்காக இருக்கும். மூக்குக்கண்ணாடி போன்ற குறியோ முதுகுப்புறத்தில் இருக்கும். இயற்கையைக் கண்டறிந்த தச்சன் முன்புறத்தில் குறுக்கு வரிகளையும் பின்புறத்தில் அக்குறியையும் செதுக்குவான். சில சிற்பங்களில் அக்குறி அழகு கருதி முன்புறத்திலும் இடம்பெறும். ஆகவே ஒரு வாகனத்தை முன்னின்று பார்த்தவர் பின்னின்றும் பார்த்தல் நன்று.

5. தேரில் நாகம்

தேரின் அடிப்பகுதி பல அடுக்குகளாய், சக்கரங்களுக்கு மேலே படிப்படியாக விரிந்து செல்வது. பூதப்பார் என்னும் கீழடுக்கில் பூதகணங்கள் தேரைத் தாங்குவனபோல் அமர்ந்திருக்கும். மேலடுக்குகளில் புராணக் கதைகள் பலகை பலகையாக நிற்கும். மூலைகளில் யாளியும் குதிரையும் பாயும். இவற்றின் இடையே நாகம் பல உருவில் தோன்றும்.

நீண்ட பலகை கிடைத்த இடத்தில் பாற்கடல் கடைதலும் அனந்தசயனமும் வடிக்கப்படுதல் பொருத்தமே. இரண்டும் கிடைநீளமான காட்சிகள். கடல் கடையும் காட்சியில் வாசுகியின் உடல் பலகை முழுதும் ஓர் இழுத்த கோடாக ஓட, இருபுறத்து உருவங்களும் அக்கோட்டில் தொங்குவனபோல் அமையும். அனந்தசயனத்தில் சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி மெத்தையாகி, ஒரு முனையில் படங்களாய் எழும். நெட்டுப்பலகை கிடைத்த இடத்தில் காளிங்க நர்த்தனம் வரும். இரு நாகங்கள் முறுக்கிப் பின்னி முடிச்சாகும் நாகபந்தம், வெற்றிடத்தை நிரப்பும் கோலமாக அமையும். நாகபந்தம் என்னும் பெயர் கற்றூணின் சதுர அடியில் மூலைதோறும் எழும் படம்போன்ற உறுப்பிற்கும் வழங்குகின்றது.

இவற்றுள் காளிங்க நர்த்தனம் நின்று காணத்தக்கது. கருடனுக்கு அஞ்சி யமுனை மடுவில் ஒளிந்த காளிங்கன், அம்மடுவை நஞ்சாக்கினான். கண்ணன் அவன்மேல் ஏறி ஆடினான். சிற்பத்தில் கண்ணன் பெரும்பாலும் இடக்காலைப் படத்தின்மேல் ஊன்றி, வலக்காலைத் தூக்கி, இடக்கையால் வாலைப் பற்றி, வலக்கையால் அபயம் காட்டுவான். காளிங்கனையோ பல சிற்பங்களில் இடைக்கு மேல் மனித உருவாய்க் கைகூப்பி நிற்கக் காணலாம். கதையின் முடிவை நினைவிற் கொள்க. காளிங்கன் கொல்லப்படவில்லை. நாகபத்தினியர் வேண்ட, கண்ணன் அவனைக் கடலிடைத் தீவிற்குச் செல்லுமாறு விடுத்தான். தன் அடிச்சுவடு அவன் தலைமேல் இருத்தலால் கருடனும் இனி அவனைத் தீண்டான் என்று அருளினான். நசுக்கிய அடியே காக்கும் முத்திரையாயிற்று. ஒரே பலகையில் தச்சன் தண்டனையையும் அருளையும் காட்ட வல்லனாதல், அந்த ஒரு பாதத்தையும் அந்தக் கூப்பிய கையையும் ஒருசேர வடிப்பதனாலேயாம்.

விவிலியம் கற்கும் நம் மாணவர்க்கு இங்கே ஒரு நினைவு எழுதல் இயல்பு. பாலைநிலத்தில் கொள்ளிவாய்ச் சர்ப்பங்களால் கடியுண்ட மக்கள் நோக்கிப் பிழைக்கும்படி மோசே வெண்கலச் சர்ப்பம் ஒன்றைக் கம்பத்தில் உயர்த்திய வரலாறு எண்ணாகமத்தில் உள்ளது. பிற்காலத்தில் மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கவே, எசேக்கியா அரசன் அதனை உடைத்தான் என்பதும் இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில் உள்ளது. இவ்விரு மரபும் ஒன்றென்பது நம் கருத்தன்று. கொள்கையால் இவை மிகவும் வேறுபட்டன. ஆயினும் கொல்லும் உருவத்தையே காக்கும் குறியாக உயர்த்திக் காட்டும் எண்ணம் ஒரு நாட்டிற்கே உரியதன்று என்பது இதனால் விளங்கும். பிறர் சமயச் சிற்பத்தைப் பார்க்கும்போது, அஃது எதற்கு அஞ்சுகின்றது, எதை நம்புகின்றது என்று கேட்டறிதல் கற்றோர்க்கு அழகு.

6. வாகனமாகிய நாகம்

தேரில் நாகம் கதையின் ஒரு பகுதி. வாகனத்தில் அதுவே முழு உருவம். சுருண்ட உடல் இருக்கையாகவும், எழுந்த படங்கள் பின்னே குடையாகவும் அமைய, நடுவில் உற்சவர் எழுந்தருள்வர். கீழே தடித்த பலகையும், அதனடியில் தண்டுகள் கோக்கும் அமைப்பும் இருக்கும். மரத்தின்மேல் வண்ணம் தீட்டுவதும் உண்டு. வெள்ளியோ பித்தளையோ பொன்னோ தகடாக்கிப் போர்ப்பதும் உண்டு. தகடு போர்த்த வாகனத்திலும் சிற்பத்தின் உயிர் உள்ளிருக்கும் மரத்திலேயே உள்ளது. தகடு அம்மரத்தின் மேடு பள்ளங்களையே பின்பற்றுகின்றது.

திருமலைப் பிரமோற்சவத்தில் முதல்நாள் மாலை ஏழு தலையுடைய பெரிய சேஷ வாகனமும், இரண்டாம் நாள் காலை ஐந்து தலையுடைய சின்ன சேஷ வாகனமும் வீதியுலா வருகின்றன. முன்னதை ஆதிசேடன் என்றும் பின்னதை வாசுகி என்றும் கொள்வர். ஐந்தாம் நாள் இரவு கருட வாகனம். சைவக் கோயில்களிலும் நாக வாகனம் உண்டு. மயிலாப்பூர்ப் பங்குனிப் பெருவிழாவில் கபாலீச்சுரர் அதன்மீது எழுந்தருள்வதைக் காணலாம்.

சேடனும் கருடனும் ஒரே விழாவில் வெவ்வேறு நாளில் ஒரே பெருமானைத் தாங்குவது சிந்திக்கத்தக்கது. கருடன் நாகங்களுக்குப் பிறவிப் பகைவன். அவன் உடலில் எட்டு நாகங்களை அணிகலமாகக் காட்டுதலும் சிற்ப மரபு. விழா முடிந்தபின் பல கோயில்களில் இவ்விரு வாகனங்களும் ஒரே வாகன மண்டபத்தில் அருகருகே நிறுத்தப்படுகின்றன. பகை பகையாகவே இருக்க, இருவர்க்கும் பணி ஒன்றாயிற்று. இதைச் சொல்லச் சொற்பொழிவு வேண்டா. அம்மண்டபத்தின் வரிசையே போதும்.

இங்குச் சுமப்போரையும் மறத்தலாகாது. சீபாதந்தாங்கிகள் எனப்படும் அவர்கள் தோள்மேல் தண்டேறியவுடன் நடையின் அசைவு வாகனத்திற்கு ஏறுகின்றது. தாழ நின்ற படங்கள் எழுந்து ஆடுவனபோல் தீவட்டி ஒளியில் தோன்றுகின்றன. தச்சன் அசையாத கட்டையில் வளைவு வைத்தது இவ்வசைவை எதிர்நோக்கியே. அருங்காட்சியகத்தில் நிறுத்திய வாகனம் அழகு குறையாவிடினும் பாதிச் சிற்பமே ஆகும்.

7. அழிவும் புதுப்பித்தலும்

கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்பது நம் பழமொழி. நாகத்திற்கு இல்லம் அமைக்கும் அக்கறையானே மர நாகத்திற்குக் கூற்றுவன். மழை, வெயில், தீ என்பன பிற பகைகள். திருவாரூர் நல்ல சான்று. அவ்வூர் மூலவரின் திருப்பெயர் புற்றிடங்கொண்டார் என்பது. வன்மீகநாதர் என வடமொழியிற் கூறுவர். புற்றை இடமாகக் கொண்ட அப்பெருமான் ஊரிலேயே நாட்டின் மிகப் பெரிய தேராகிய ஆழித்தேர் ஓடுகின்றது. அத்தேர் 1920-களில் தீக்கிரையாகிப் பின்னர்ப் புதிதாகச் செய்யப்பட்டது. பிற்காலத்தில் திருச்சிராப்பள்ளிப் பாரத மிகுமின் நிறுவனத்தாரால் இரும்புச் சக்கரங்களும் தடைக்கருவியும் பொருத்தப்பட்டன. தேர் மாறியது, சக்கரம் மாறியது, ஆழித்தேர் என்னும் பெயரும் விழாவும் மாறவில்லை.

மரம் நீடித்து நிற்பதற்கு ஓர் அரிய சான்று காஞ்சியில் உண்டு. வரதராஜப் பெருமாள் கோயில் திருக்குளத்திற்கு அனந்தசரஸ் என்று பெயர். அனந்தனது பொய்கை என்பது பொருள். அத்திமரத்தாலான அத்திவரதர் திருவுருவம் அக்குளத்து நீரடியில் வைக்கப்பட்டு, நாற்பது ஆண்டுகட்கு ஒருமுறை வெளிக்கொணரப்படுகின்றது. 1979-ஆம் ஆண்டிற்குப் பின் 2019-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் 48 நாள் மக்கள் அதனை வழிபட்டனர். முழுதும் நீரில் அமிழ்ந்த மரத்தைக் காற்று எட்டுவதில்லை ஆதலின் அது விரைவில் அழுகாது. ஆனால் தேரையும் வாகனத்தையும் நீரில் ஆழ்த்தி வைத்தல் இயலுமோ? வெயிலில் வந்து மழையில் நனைந்து தேய்ந்து போதலே அவற்றின் வாழ்வு.

ஆகவே மரச் சிற்பத்தைக் காப்பது பொருளால் மட்டும் ஆவதன்று, வழியால் ஆவது. பழைய படம் உளுத்துப் போனால் அதன்மேல் புதிய கட்டையை வைத்து அளந்து, அதே வளைவில் வேறொரு படத்தைச் செதுக்க வல்ல ஒரு கை வேண்டும். அது பழைய வளைவுதானா என்று கண்டறிய வல்ல ஒரு கண்ணும் வேண்டும். கை தச்சனுடையது, கண் ஊராருடையது. இரண்டும் உள்ள வரையில் நூறு முறை மரம் மாறினும் நாகம் மாறாது. இரண்டில் ஒன்று போயினும், மரம் இருக்கும்போதே நாகம் போய்விடும்.

கைக்கு ஓரளவு ஆதரவு கிடைத்துள்ளது. அரும்பாவூர் மரச் சிற்பத்திற்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழைய மரச் சிற்பங்கள் பாதுகாக்கப்படுகின்றன. கவலைக்குரியது கண்ணின் நிலையே. திருப்பணியின்போது உளியின் வரிகள் மறையுமளவு வண்ணம் தடிப்பாகப் பூசப்படுதலைச் சில இடங்களிற் காண்கின்றோம். பழைய பலகைகள் கழற்றப்பட்டு மூலையில் கிடந்து மட்குதலும் உண்டு. அவற்றிலிருந்த உருவம் இன்னதென்று எழுதி வைத்தார் இலராயின், புதிய பலகையில் எதனைப் பார்த்துச் செதுக்குவது? ஊரார் கேளாதபோது தச்சனும் எளிதாகிய ஒன்றைச் செய்து முடிப்பான். குறை அவன்மேல் அன்று.

மாணவர் செய்யத்தக்கது

இத்துறையில் நம் கல்லூரி மாணவர் செய்யத்தக்க பணி பெரிது; அதற்குச் செலவோ சிறிது. விடுமுறைக்கு ஊர் செல்வோர் தம் ஊர்த் தேரையும் வாகனத்தையும் உரியோரிடம் இசைவு பெற்று அணுகிக் காண்க. தேர் ஆண்டின் பெரும்பகுதியும் கொட்டகையில்தான் நிற்கின்றது. பார்ப்பதற்கு அமைதி உண்டு. எந்தப் பக்கத்தில், எந்த அடுக்கில், எத்தனையாவது பலகையில் நாகம் உள்ளது என்று எழுதுக. படங்கள் எத்தனை, நடுப்படத்தின் உயரம் எவ்வளவு, வால் எப்பக்கம் திரும்புகின்றது, கை கூப்பியுள்ளதா என்பனவற்றைக் குறிக்க. நிழற்படம் எடுப்பதோடு அமையாது கோட்டுருவமும் வரைக. வரையும் கையே கண்ணுக்குக் கற்பிக்கும் ஆசிரியர். முதிய தச்சர் உளரேல் அவர் வழங்கும் சொற்களை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்க. அகராதியில் இல்லாத சொற்கள் அவர்பால் பல உண்டு.

இவ்வாறு பத்து ஊர்களைப் பற்றிய பத்துக் குறிப்பேடுகள் நம் நூலகத்தில் சேருமாயின், நாளை ஓர் ஊரில் தேர் பழுதுறும்போது பழைய உருவத்தைக் கேட்டு வருவார்க்கு விடை கூற இயலும். சேடன் உலகைத் தாங்கும் பெரும்பணியை ஏற்றான் என்பது கதை. அவன் உருவத்தை அடுத்த தலைமுறைக்குத் தாங்கிக் கொடுக்கும் சிறுபணியேனும் கற்றோராகிய நாம் ஏற்றல் வேண்டும்.